சாம்பல் நிறக் கட்டம்

"இது இங்க இருக்கவே கூடாது" என்றாள் மருந்துக்கடைக்காரி.

பிரிட்ஜின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள். கதவுத் தட்டில் இரண்டு எலுமிச்சம்பழம், பாதி தீர்ந்த வெண்ணெய், ஓரமாக ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பி, அதன் பக்கத்தில் உறை பிரிக்காத ஊசிகள்.

மச்சான் எட்டிப் பார்த்தான். "எலுமிச்சம்பழமா?"

"இன்சுலின். பெரியம்மாவுக்குக் காலையும் ராத்திரியும் போட்டே ஆகணும். வெளியூர் போறவ சீப்பை மறப்பா, செருப்பை மறப்பா, இதை மறக்க மாட்டா. என் கடையிலேர்ந்து நானே கொண்டுவந்து கொடுத்த குப்பி. வேற அவகிட்ட கிடையாது."

துப்பறிவாளர் குப்பியைத் தொடாமல் குனிந்து பார்த்தார். முன்பு இன்சூரன்ஸ் கம்பெனியில் விபத்து நடந்த இடங்களைப் பார்வையிட்டுக்கொண்டிருந்தவர். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்க்கிற பழக்கம் அப்போது வந்தது, இன்னும் போகவில்லை. அவருடைய மனைவியின் கூடப்பிறந்த தம்பிதான் உதவியாளன். அவர் மச்சான் மச்சான் என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, அந்தத் தெருவில் பேப்பர் போடுகிறவர்கூட அவனை மச்சான் என்றுதான் கூப்பிடுகிறார். எத்தனை அக்காள் தங்கச்சி இருந்தாலும் இவ்வளவு பேருக்கு மச்சானாக முடியாது என்று அவனே சொல்லிக்கொள்வான்.

"கடைசியா அவங்க பேசினது எப்போ?" என்றார் துப்பறிவாளர்.

"முந்தாநாள் சாயங்காலம் போன்ல பேசினேன். நேத்துக் காலையில ஒரு மெசேஜ். 'சிநேகிதி வீட்டுக்குப் போறேன், வர ரெண்டு மூணு நாளாகும்.' அதுக்கப்புறம் போன் அணைஞ்சே கிடக்கு. போலீஸ்ல சொன்னா, சொல்லிட்டுத்தானே போயிருக்காங்க, வந்துடுவாங்கன்னு அனுப்பிட்டாங்க." அவள் பிரிட்ஜை மூடினாள். "எங்கம்மா போனப்புறம் என்னைத் தூக்கி வளர்த்தவ சார். எனக்குன்னு இருக்கறது அவ ஒருத்திதான்."

"ஊசி இல்லாம எவ்வளவு நேரம் தாங்குவாங்க?"

"இன்னிக்கு ராத்திரி தாண்டறது கஷ்டம். முதல்ல தாகம், வாந்தி, அப்புறம் மயக்கம். மயக்கத்துக்கு அப்புறம் நான் மருந்துக்கடை வெச்சிருந்து ஒரு பிரயோஜனமும் இல்ல."

பின்னால் பாத்திரம் கடகடத்தது. மாடி வாடகைக்காரர் தட்டில் நாலு டீயோடு வாசற்படியில் நின்றிருந்தார். நரைத்த மீசை, கழுத்தில் மூக்குக்கண்ணாடி தொங்கும் கயிறு, விரல் நுனியில் ஈயப்பற்று வைத்த கறுப்பு. பழைய ரேடியோ, ஆம்ப்ளிபயர் எல்லாம் பழுது பார்க்கிறவர். மாடியில் இப்போதும் ஏதோ ஒரு ரேடியோ உரக்கப் பாடிக்கொண்டிருந்தது.

"அவ்வளவு ஆபத்தா அது?" என்று கேட்டார். டீ தட்டில் சிந்தியிருந்தது.

"ஆமா அங்கிள். அதான் பயமா இருக்கு."

"நான் பாத்தப்ப நல்லாத்தான் இருந்தாங்க. கையில ஒரு பை. டாக்சியில ஏறினாங்க. எங்கேன்னு கேக்கணும்னு எனக்குத் தோணல பாருங்க."

துப்பறிவாளர் ஒரு டீயை எடுத்துக்கொண்டார். "நீங்க இங்க ரொம்ப நாளா இருக்கீங்களா?"

"பெரியப்பா தவறிப்போன அடுத்த மாசம் வந்தார்" என்று அவளே பதில் சொன்னாள். "தனியா இருக்கற பொம்பளைக்கு அங்கிள் ரொம்பத் துணை. பியூஸ் போட, பல்பு மாத்த, எல்லாத்துக்கும் அவர்தான்."

வாடகைக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். நல்லவர்களைப் புகழ்ந்தால் அப்படித்தான் நெளிவார்கள் என்று நினைத்துக்கொண்டான் மச்சான். டீயும் நன்றாகத்தான் இருந்தது.

கூடத்துச் சுவர் முழுக்க ஒரே ஒரு படம். கதவு அகலத்துக்கு அச்சடித்து ஒட்டிய குடும்ப மரம். பெரியம்மா நூலகத்தில் புத்தக அட்டவணை போட்டு ஓய்வு பெற்றவர். அட்டவணை போட்ட கை சும்மா இருக்குமா? புத்தகம் தீர்ந்ததும் சொந்தக்காரர்களைப் பிடித்துக்கொண்டார். கம்ப்யூட்டரில் வம்ச வரலாற்று மென்பொருள் ஒன்றைப் போட்டு, பிறந்தகமும் புகுந்தகமுமாக அறுநூறு பேரைக் கட்டம் கட்டி உட்கார வைத்திருந்தார்.

"ஒரு தப்பு இருக்காது சார் அதுல" என்றாள் மருந்துக்கடைக்காரி. "ஒருத்தர் இறந்துட்டார்னு யாராவது வந்து சொன்னாக்கூட உடனே போட மாட்டா. இன்னொருத்தரையும் கேட்டு உறுதி பண்ணிட்டுத்தான் போடுவா. உயிரோட இருக்கறவங்களைக் கொன்ன பாவம் எனக்கு வேணாம்னு சொல்லுவா."

"எங்க வீட்டுல அப்படி இல்லீங்க" என்றான் மச்சான். "எங்க ஒண்ணுவிட்ட மாமா ஒருத்தரை மூணு தடவை சாகடிச்சாச்சு. நாலாவது தடவை அவரே போன் பண்ணி மறுப்புத் தெரிவிச்சார்."

அவள் சிரிக்கவில்லை. தன் போனை நீட்டினாள்.

"முந்தாநாள் பேசறப்ப நான்தான் கேட்டேன். பெரியப்பா வீட்டுக் கிளையை மட்டும் தனியா எடுத்து அனுப்பு, சட்டம் போட்டு மாட்டறேன்னு. மெசேஜுக்குக் கொஞ்சம் முன்னாடி இது வந்துது. படம் மட்டும்தான். 'சாப்பிட்டியா'ன்னு ஒரு வார்த்தை இல்ல. சாப்பிட்டியான்னு கேக்காம அவ எனக்கு எதுவும் அனுப்பினதே கிடையாது."

படத்தில் அஞ்சே அஞ்சு கட்டம். மேலே பெரியம்மாவின் மாமனார், மாமியார். கீழே அவர்களுடைய மூத்த மகன், அவர் பக்கத்தில் மனைவியாகப் பெரியம்மா. மூத்த மகனுக்கு வலப்பக்கம் இன்னொரு கட்டம். நாலு கட்டம் வெள்ளை, நாலிலும் பேர் இருந்தது. அஞ்சாவது மட்டும் சாம்பல் நிறம். அதில் பேர் இல்லை. 'உயிருடன்' என்ற ஒரு சொல்தான் இருந்தது.

"அறுநூறு பேர் மரத்துல அஞ்சு பேர்" என்றான் மச்சான். "எங்க வீட்டு பாத்ரூம் வாசல்ல இதைவிடக் கூட்டம் நிக்கும்."

"வாயை மூடிட்டு இதையே நீ எடுத்துக் காட்டு" என்றார் துப்பறிவாளர். "அந்தம்மா எப்படி எடுத்தாங்களோ அப்படியே."

மச்சான் வாயை மூடுவது அபூர்வம். மூடினால் கை வேலை செய்யும். பெரியம்மாவின் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து மரத்தைத் திறந்தான். தனியாக எடுத்த சின்னக் கிளையின் கோப்பு எங்கேயும் இல்லை, யாரோ அழித்திருந்தார்கள். பெரிய மரம் மட்டும் பத்திரமாக இருந்தது. கிளையை எடுப்பது என்றால் மரத்தை வெட்டுவது இல்லை. மரம் மரமாகவே இருக்கும், கேட்ட பகுதிக்கு மட்டும் ஒரு நகல் வெளியே வரும்.

மாமனாரின் கட்டத்தை அழுத்தினான். 'கிளையைத் தனியே எடு.' முன்னோரா, வாரிசா என்று கேட்டது. வாரிசு. கணவன் மனைவியரைச் சேர்க்கவா என்று கேட்டது. சேர். உயிரோடு இருப்பவர்களின் பேரை மறைக்கவா என்று கேட்டது.

"அது எதுக்கு?" என்றார் துப்பறிவாளர்.

"ஒரு மரியாதைதான் அத்தான். கிளையை வெளியாளுக்கு அனுப்பறப்ப, உயிரோட இருக்கறவங்க பேர், பிறந்த தேதி எல்லாம் கண்டவன் கையில போகக் கூடாதுல்ல. மறைன்னு சொன்னா சாம்பல் பூசி உயிருடன்னு போட்டுடும். செத்தவங்களுக்கு அந்தக் கவலை இல்ல, அவங்க பேர் அப்படியே வெளியே தெரியும்."

"மறை."

திரையில் அஞ்சு கட்டம் வந்தது. மச்சான் போனைத் தூக்கித் திரைக்குப் பக்கத்தில் பிடித்தான். அவன் நாக்கில் தயாராக இருந்த அடுத்த கிண்டல் அங்கேயே காய்ந்து போனது.

அதே குடும்பம்தான். ஆனால் திரையில் பெரியம்மாவின் கட்டம் சாம்பல். பக்கத்தில் இருந்த அந்த அஞ்சாவது கட்டம் வெள்ளை, பேரோடு. போனில் எல்லாம் தலைகீழ். உயிரோடு இருக்கிற பெரியம்மாவைச் செத்தவராகக் காட்டியிருந்தது. அஞ்சாவது ஆளை உயிரோடு காட்டியிருந்தது.

"இந்த அஞ்சாவது யாரு?" என்றார் துப்பறிவாளர்.

"பெரியப்பாவோட தம்பி" என்றாள் அவள். "கல்யாணத்துக்கு முன்னாடியே ஆத்துல படகு கவுந்து செத்துட்டாராம். பெரியம்மா அவரைப் பாத்ததே இல்ல. சார், என் பெரியம்மா செத்துட்டான்னு எவனோ இதுல போட்டிருக்கானே. அவளை என்ன பண்ணினாங்க?"

அவள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். மச்சான் தண்ணீர் எடுத்து நீட்டினான், அவள் வாங்கவில்லை.

துப்பறிவாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மெதுவாகத் துடைத்தார். மச்சானுக்கு அந்தத் துடைப்பு தெரியும். உள்ளே எதுவோ வேகமாக ஓடும்போதுதான் கை இவ்வளவு மெதுவாகும்.

"ஒண்ணு சொல்லும்மா. வழக்கமா உனக்குக் கிளை அனுப்பறப்ப பேரை மறைச்சுத்தான் அனுப்புவாங்களா?"

"எனக்கு எதுக்கு மறைக்கணும்? நான் என்ன வெளியாளா? எப்பவும் எல்லாப் பேரோடயும்தான் வரும்."

"அப்ப இந்தத் தடவை மறைக்கச் சொன்னது வேற யாரோ. பக்கத்துல நின்னு, என் பேர் இதுல வெளியே தெரியக் கூடாதுன்னு சொல்லியிருக்கான். சரி, இந்தப் படத்துல மறைஞ்ச பேர் எத்தனை?"

"ஒண்ணுதான்" என்றான் மச்சான். சொன்ன பிறகுதான் அவனுக்கே உறைத்தது. "அத்தான்... செத்துப்போன தம்பியோட பேரு."

"மெஷின் யாரை மறைக்கும்?"

"உயிரோட இருக்கறவனை மட்டும்."

"மறைன்னு அவன் சொன்னான். அந்தம்மா மறைச்சுக் கொடுத்தாங்க. அந்த மறைப்பே அவனைக் காட்டிக் கொடுத்துடும்னு அவனுக்குத் தெரியல. செத்தவனாவே இருந்திருந்தா வெள்ளையா, பேரோட, யார் கண்ணையும் உறுத்தாம இருந்திருப்பான். பேரை மறைச்சாலும் முறை போகுமா? மூத்தவருக்கு அடுத்து பிறந்தவன், அவன் ஒருத்தன்தான். முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்சுட்டு, சோத்துக்குச் சாம்பல் வேற பூசியிருக்கான்." துப்பறிவாளர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "இது உன் பெரியம்மா உனக்கு அனுப்பின சேதிம்மா. செத்தவன் உயிரோட இருக்கான். அவனால நான் சாகப்போறேன்."

"அப்ப அவ இன்னும்..."

"இதை அனுப்பறப்ப உயிரோடதான் இருந்தாங்க. நமக்கு வேண்டியது அந்தத் தம்பி இப்ப யாரா இருக்கான்னு."

மேலே ரேடியோ ஒரு பாட்டை முடித்து அடுத்ததைத் தொடங்கியது. வாடகைக்காரர் காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு சமையலறைப் பக்கம் போனது மச்சானுக்குக் கடைக்கண்ணில் தெரிந்தது. குழாய் திறந்து மூடிய சத்தமும் கேட்டது. அப்புறம் அவர் பின்பக்கமாகவே மாடிக்குப் போய்விட்டார் போல.

"இவ்ளோ வருஷம் கழிச்சு பெரியம்மாவுக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்றாள் அவள். "பாத்திராத ஆளு. அவர் பிறந்த வீடுதான் இது, ஆனா ஒரு போட்டோகூட இங்க கிடையாது."

மச்சான் ஏற்கெனவே மரத்தைத் துழாவிக்கொண்டிருந்தான். மாமியாரின் கட்டத்து மூலையில் சின்ன மணி ஒன்று இருந்தது. "அத்தான், இதைப் பாருங்க. இந்த மென்பொருள் சும்மா இருக்காது. உலகத்துல வேற எவனாவது அவன் மரத்தைப் போட்டு, அதுல இதே ஆள் வந்தா, ஊர் வம்பு பேசற பக்கத்து வீட்டுக்காரி மாதிரி ஓடிவந்து சொல்லிடும். இந்த மாமியார் இன்னொரு மரத்துலயும் இருக்காங்க. பேர், அவங்க அப்பா பேர், பிறந்த ஊர், மூணும் ஒண்ணு. பெரியம்மா இதைத் திறந்து பாத்திருக்காங்க."

"அந்த மரத்துல அவங்களுக்குப் பிள்ளை யாரு?"

"ஒரே பிள்ளை. சாம்பல் கட்டம். உயிருடன். பேர் இல்ல." மச்சான் பெருமூச்சு விட்டான். "இங்கயும் சாம்பல், அங்கயும் சாம்பல். ஆளு அடுப்புலயே குடியிருப்பான் போல."

"மரத்தைப் போட்டது யாரு?"

மச்சான் அழுத்தினான். ஒரு இளம்பெண்ணின் படம் வந்தது. வெள்ளைக் கோட்டு, கையில் ஒரு நாய். அப்பாவுக்குத் தெரியாமல் பிறந்தநாள் பரிசாகச் செய்வதாகப் படத்துக்குக் கீழே ஒரு வரி எழுதியிருந்தாள்.

மருந்துக்கடைக்காரி எழுந்து திரைக்கு அருகில் வந்தாள். பெண்ணை அவள் பார்க்கவில்லை. நாயைப் பார்த்தாள். நாய்க்கு மூன்று கால்தான் இருந்தது.

"இந்த நாயை எனக்குத் தெரியும்" என்றாள். "இதே போட்டோ. மாடியில, ரேடியோ மேஜை மேல. அங்கிளோட பொண்ணு வெளிநாட்டுல மிருக டாக்டர். அடிபட்டு வந்த நாயைப் பொழைக்க வெச்சான்னு எல்லார்கிட்டயும் காட்டுவார்."

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பெரியப்பா இறந்த அடுத்த மாதம் வந்த வாடகைக்காரர். அவர் முகத்தைத் தெரிந்த கடைசி ஆள் போன பிறகு, பிறந்த வீட்டுக்கே வாடகை கொடுத்துக் குடிவந்த மனிதர்.

துப்பறிவாளர் சமையலறைக்குப் போய் பிரிட்ஜைத் திறந்தார்.

எலுமிச்சம்பழம் இருந்தது. வெண்ணெய் இருந்தது. குப்பி இல்லை. ஊசிகளும் இல்லை.

"நல்லதுதானே அத்தான்" என்று கிசுகிசுத்தான் மச்சான். "மருந்தை எடுத்துட்டுப் போறான்னா ஆளு உயிரோட இருக்காங்க, மேலேயேதான் இருக்காங்க. காப்பாத்தத்தானே எடுத்திருப்பான்."

மருந்துக்கடைக்காரியின் முகத்தில் ரத்தமே இல்லை. "அளவாப் போட்டாத்தான் அது மருந்து. ஒரேயடியா ஏத்தினா ஆளு தூக்கத்துலயே போயிடுவாங்க. சர்க்கரை வியாதிக்காரி செத்தா யாரும் ஒண்ணும் கேக்கவும் மாட்டாங்க. நான்தானே சார் அவன் முன்னாடியே எல்லாத்தையும் சொன்னேன்."

அந்த நேரம் பார்த்து மாடியில் ரேடியோ நின்றது.

அதுவரை அந்த ரேடியோ எதற்காக அவ்வளவு உரக்கப் பாடியது என்று யாரும் யோசிக்கவில்லை. இப்போது அது நின்றதும், இனிமேல் மறைக்க வேண்டிய சத்தம் எதுவும் மேலே இல்லையோ என்ற நினைப்பு மூன்று பேருக்கும் ஒரே சமயத்தில் வந்தது. துப்பறிவாளர் முதலில் ஓடினார். அவர் பின்னால் அவள். மச்சான் கைக்கு அகப்பட்ட குடையைத் தூக்கிக்கொண்டு கடைசியாக ஓடினான்.

வெளிப்படி இரும்புப் படி. காலடிச் சத்தத்தை மறைக்க வழியில்லை. மேலே கதவு தாழிட்டிருந்தது. துப்பறிவாளர் தோளைக் கொடுக்கப் போனபோது தாழ் தானாகவே விலகியது.

வாடகைக்காரர் நின்றிருந்தார். வலது கையில் ஊசி. மச்சான் குடையை ஓங்கினான்.

"எவ்வளவு போடணும்?" என்று கேட்டார் அவர். "எவ்வளவுன்னு எனக்குத் தெரியல. அண்ணி கண்ணைத் திறக்க மாட்டேங்கறாங்க."

ஓங்கிய குடையை என்ன செய்வதென்று மச்சானுக்குத் தெரியவில்லை. மருந்துக்கடைக்காரி அந்த ஊசியைப் பிடுங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

"முழுசா ஏத்தி வெச்சிருக்கீங்க. இதைப் போட்டிருந்தா இப்பவே முடிஞ்சிருக்கும்."

அவர் அப்படியே சுவரோடு சரிந்து உட்கார்ந்தார். அவள் அவரைத் தாண்டி உள்ளே ஓடினாள். பின்னறையில், பிரித்துப் போட்ட ரேடியோப் பெட்டிகளுக்கு நடுவே ஒரு கட்டில். பெரியம்மா ஒருக்களித்துக் கிடந்தார். உதடு வெடித்திருந்தது, மூச்சு வேகமாக வாங்கியது. பக்கத்தில் தண்ணீர், பிஸ்கட், தொடாத சாப்பாடு எல்லாம் இருந்தது. அவள் கைப்பையிலிருந்து சர்க்கரை பார்க்கிற கருவியை எடுத்து விரலில் குத்தினாள், எண்ணைப் பார்த்தாள், ஊசியில் இருந்ததில் பெரும்பகுதியைத் தரையில் பீய்ச்சிவிட்டு மிச்சத்தைப் போட்டாள். "பெரியம்மா, நான்தான். என்னைப் பாரு. பெரியம்மா." அழுதுகொண்டேதான் செய்தாள், கை மட்டும் அசையவில்லை.

மச்சான் ஆம்புலன்ஸுக்கும் போலீஸுக்கும் போன் போட்டான். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு நகைச்சுவையும் இல்லாமல் முகவரி சொன்னான்.

துப்பறிவாளர் வாசலில் அந்த மனிதர் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துகொண்டார்.

"அவங்களுக்கு இப்படி ஒரு வியாதின்னு தெரியாதா?"

"மாத்திரை சாப்பிடுவாங்கன்னு நினைச்சேன். ஊசின்னு தெரியாது. கீழே அந்தப் பொண்ணு சொன்னப்புறம்தான்..." அவர் கையைப் பிசைந்தார். "நேத்துக் காலையில கூப்பிட்டு, நீதானே என் கொழுந்தன்னு கேட்டாங்க. என் பொண்ணுகிட்ட சொல்லியே ஆகணும்னாங்க. ரெண்டு நாள் மட்டும் பொறுங்கண்ணின்னு கெஞ்சினேன். கேக்கல. மாடிக்குக் கூட்டிட்டு வந்து கதவைப் பூட்டிட்டேன், அந்த மெசேஜையும் நான்தான் அனுப்பினேன். யோசிச்சு முடிவு பண்ணலாம்னுதான். யோசிக்கவே முடியல."

"அன்னிக்கு படகுல என்ன நடந்துச்சு?"

"நானும் சிநேகிதனும்தான். கவுந்துடுச்சு. அவனுக்கு நீச்சல் தெரியாது, என் சட்டையைப் பிடிச்சுக்கிட்டான். ரெண்டு பேரும் முழுகினோம்." தன் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டார். "சட்டையைக் கழட்டி விட்டுட்டேன் சார். நான் நீந்திட்டேன். நாலு நாள் கழிச்சு அவன் கிடைச்சப்ப முகம் இல்ல. கையில என் சட்டை, சட்டையில என் அடையாள அட்டை. நான்தான்னு அடக்கம் பண்ணிட்டாங்க. தூரத்துல நின்னு பாத்தேன். எங்கம்மா விழுந்து அழுதா. போய் நிக்கலாம்னு காலை எடுத்தேன். நின்னா, அப்ப அவன் எங்கேன்னு கேப்பாங்கல்ல."

"அவனைப் பத்தி யாரும் கேக்கலையா?"

"வீட்டுல சண்டை போட்டுட்டு ஓடிட்டான்னு நினைச்சுட்டாங்க."

ஆம்புலன்ஸின் சத்தம் தெருமுனையில் கேட்டது.

"பேரை மாத்தினீங்க, ஊரை மாத்தினீங்க" என்றார் துப்பறிவாளர். "பொண்ணு உங்க அம்மா பேர் என்னன்னு கேட்டப்ப வாய்க்கு வந்த பேரைச் சொல்லியிருந்தா யாருக்கும் எதுவும் தெரிஞ்சிருக்காது."

அந்த மனிதரின் முகம் கோணியது. "அம்மா பேரை எப்படி சார் மாத்திச் சொல்றது?"

"அந்தப் பையனுக்கும் ஒரு அம்மா இருந்திருப்பாங்க. அவ வாசலைப் பாத்துட்டே செத்திருப்பா. அவன் பேரையாவது சொல்லுங்க."

அவர் தலையை ஆட்டினார். மாட்டேன் என்றா, சரி என்றா, மச்சானுக்குப் புரியவில்லை. படியில் பூட்ஸ் சத்தம் ஏறி வந்தது.

பெரியம்மா கண் திறந்து நன்றாகப் பேச ரெண்டு நாள் ஆயிற்று. ஆஸ்பத்திரி ஜன்னல் ஓரக் கட்டிலில் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மடியில் மச்சானின் லேப்டாப். அதில், போன் படத்தில் இருந்தபடியே மச்சான் மறுபடி போட்ட அந்த அஞ்சு கட்டம்.

மச்சான் தன் அத்தானின் பெருமையை அவர் இல்லாத நேரத்தில் அளந்துகொண்டிருந்தான். "உங்க சேதியை எங்க அத்தான் ஒரே பார்வையில பிடிச்சுட்டார்ம்மா. செத்தவனை உயிரோட காட்டினீங்க, உங்களைச் செத்தவங்களாக் காட்டினீங்க. இறந்தவரான்னு கேக்கற இடத்துல ரெண்டே டிக்கு. அடேயப்பா, என்ன ஒரு மூளை."

"ரெண்டா?" என்றார் பெரியம்மா. "நான் மாத்தினது அவன் கட்டத்தை மட்டும்தான் தம்பி. கேட்ட கிளை வரலைன்னா இவ தேடி வந்துடுவான்னு சொன்னேன், அனுப்ப விட்டான். அவன் பேர் தெரியக் கூடாதுன்னான், மறைச்சுக் கொடுத்தேன். உயிரோட இருக்கறவனை உயிரோட இருக்கான்னு போட்டேன், அதுல என்ன மூளை?" போன் படத்தை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார். முகம் மாறியது. "அடக் கடவுளே. என்னை யாரு கொன்னது?"

"நீங்க... வேணும்னு போடலையா?"

"காலை ஊசி போடாத நேரம், கண்ணு ரெண்டு ரெண்டாத் தெரிஞ்சுது. கை வேற நடுங்கிச்சு. பக்கத்துக் கட்டத்தையும் சேர்த்துத் தட்டியிருக்கேன்." அவருக்கு நிஜமாகவே அவமானமாக இருந்தது. "இத்தனை வருஷத்துல ஒரு கட்டம் தப்பாப் போட்டதில்ல."

யானைக்கும் அடி சறுக்கும் என்று சொல்ல வாயெடுத்த மச்சான், அத்தானிடம் இதை எப்படிச் சொல்வது என்ற ஆனந்தத்தில் அதையும் மறந்தான். வருஷம் முழுக்கச் சொல்லிச் சிரிக்கலாம். மருந்துக்கடைக்காரி பெரியம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை.

"முதல்ல என்னை உயிரோட ஆக்கு தம்பி" என்றார் பெரியம்மா. "அப்புறம் சிரிக்கலாம்."

மச்சான் டிக்கை எடுத்தான். அவர் பேர் மறைந்து, கட்டம் சாம்பலானது. உயிருடன். மருந்துக்கடைக்காரி அந்தச் சொல்லை விரலால் தடவிப் பார்த்தாள்.

அப்போதுதான் துப்பறிவாளர் உள்ளே வந்தார். போலீஸ் ஸ்டேஷனிலிருந்து நேராக வந்திருந்தார். மச்சான் பற்களைக் காட்டி எழுந்தவன், அவர் முகத்தைப் பார்த்து உட்கார்ந்துவிட்டான்.

"சொல்லிட்டார்ம்மா" என்றார். "பொண்ணுக்கு அவரே போன் பண்ணினார். அதுக்கப்புறம் அந்தப் பையன் பேரையும் சொன்னார். அம்மா இப்ப இல்ல. ஒரு அக்கா இருக்காங்க. நாளைக்குப் போய்ப் பாக்கப்போறேன்."

பெரியம்மா போர்வையைச் சரிசெய்துகொண்டார். "எங்க வீட்டுக்காரர் வருஷா வருஷம் அந்தக் கல்லறைக்குப் போய்ப் பூ வெச்சுட்டு வருவார். தம்பி தம்பின்னு அழுவார். யாரோ பெத்த பிள்ளைக்கு நாங்க அழுதிருக்கோம். பரவாயில்ல, அவனுக்கும் யாராவது அழணும்ல." லேப்டாப்பை மச்சான் பக்கம் தள்ளினார். "ஒரு ஆளைச் சேர்க்கணும்."

"எந்தக் கிளையிலம்மா? அவர் உங்க சொந்தமே இல்லையே."

"என் கொழுந்தன் கட்டத்துக்குப் பக்கத்துல போடு. எங்க பேர்ல, எங்க இடத்துலதானே படுத்திருக்கான்."

துப்பறிவாளர் பேரைச் சொன்னார். மச்சான் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினான், பெரியம்மா சரிபார்த்தார். இறந்தவரா என்று மென்பொருள் கேட்டது. பெரியம்மா துப்பறிவாளரைப் பார்த்தார்.

"உறுதியா?"

"உறுதிம்மா."

அவரே கையை நீட்டி, நடுங்காமல், அந்த டிக்கைப் போட்டார். இரண்டு சாம்பல் கட்டங்களுக்குப் பக்கத்தில் அந்தக் கட்டம் வெள்ளையாக நின்றது. அதில் அந்தப் பையனின் பேர் முழுசாகத் தெரிந்தது.